மூன்று முறை பார்த்த பிறகு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் அவரும் நன்றாக இருக்கிறோம். குருவி பாதி நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை எலிகளுக்கெல்லாம் தீனி வைத்துவிட்டு நீ பட்டினி கிடக்கிறாயா?

வலது காதும் போய்விட்டது அக்கா. போன மாதம் வரை தையல் மெஷின் சத்தமாவது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது மேசையில் கை வைத்து, அதிர்ந்தால்தான் ஓடுகிறது என்று தெரிகிறது. அதனால் இனிமேல் போனில் "கேக்குதா, கேக்குதா"ன்னு நீ தொண்டை கிழியக் கத்த வேண்டாம். போன் திரையில் துண்டு துண்டாக எழுதினால் எனக்குப் பேசின திருப்தியே இல்லை. கடிதம் போடு. அம்மாவுக்கும் இந்த முப்பத்தைந்து வயதில்தானே காது மந்தமானது? சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு நாம் இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போமே. வேண்டாம் என்றால் உடனே தலையாட்டிவிடுவாள். பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். துள்ளிக் குதித்து ஓடுவோம்.

குருவி விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு வயது ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. போன வருஷம் பள்ளிச் சீருடை தைத்தபோது, வளரும் பிள்ளையாயிற்றே என்று பாவாடைக்கு நான்கு விரல் மடிப்பு விட்டிருந்தேன். இந்த வருஷம் பிரிக்கலாமென்று போட்டுப் பார்த்தால் அதே முழங்கால், அதே இடம். ஒரு விரல்கூட ஏறவில்லை. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுக்கிற எனக்கு என் பிள்ளை வளராதது ஒரு வருஷமாகத் தெரியவில்லை, பார்த்தாயா?

படி ஏறுவதும் கஷ்டமாக இருக்கிறது. உன் மாப்பிள்ளை ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார், நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஐம்பத்து நான்கு படி. குருவி அதில் ரயில் நிலையம் வைத்திருக்கிறாள். பதினெட்டாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "இது ஜங்ஷன்மா, வண்டி கொஞ்ச நேரம் நிக்கும்" என்கிறாள். போன மாதம் வரை இரண்டு நிலையம். இப்போது ஐந்து. மாதம் ஒருமுறை தலைவலி வந்து வாந்தி எடுக்கிறாள். டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார். பள்ளியில் சோம்பல் என்று எழுதி அனுப்பினார்கள்.

பெரியம்மாவுக்கு ஒரு முத்தம் வைத்து ஒட்டச் சொன்னாள். ஒட்டிவிட்டேன்.

உன்
சின்னு


ஜனவரி 27

என் செல்லச் சின்னுவுக்கு,

உன் கடிதமும் குருவியின் முத்தமும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி மட்டும் மக்கர் செய்கிறது. குனிந்து குனிந்து கூண்டு பார்க்கிற உத்தியோகமல்லவா?

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உன் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டதற்கு, எலிக்கு வயதாவதை வேடிக்கை பார்க்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். நிஜம் அதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்புகள் எரிகின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். நாம் சாப்பிடுவதும் மூச்சு விடுவதும் அங்கே போய்த்தான் தெம்பாகிறது. இங்கே ஒரு வரிசை எலிகளுக்கு அந்த அடுப்பில் பிழை இருக்கிறது. மற்ற எலிகள் இரண்டரை வருஷம் ஓடியாடுகின்றன. இவற்றுக்கு ஒன்பதாவது மாதமே முடி நரைத்து, முதுகு கூனி, காது கேட்காமல் போய்விடுகிறது. நாங்கள் அவற்றை அவசரக்காரர்கள் என்போம். முதல் பிறந்தநாளைத் தாண்டினால் பெரிய விஷயம்.

எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? மும்முறையார் என்று பெயர் வைத்திருக்கிறோம். எந்த முடிவானாலும் மூன்று முறை செய்து பார்த்து மூன்றும் ஒத்துப்போனால்தான் அவர் முன்னால் வாயைத் திறக்கலாம். "முதல் தடவை வர்றது வதந்தி, ரெண்டாவது தடவை வர்றது சந்தேகம்" என்பார். டீயில் சர்க்கரை இருக்கிறதா என்றுகூட மூன்று வாய் குடித்துவிட்டுத்தான் சொல்வார். பத்தொன்பது வருஷமாக அவரிடம் இருந்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

சரி, சில கேள்விகள். குருவிக்குக் கண் இமை மாலையில் தொங்குகிறதா? காது கேட்கிறதா? கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் எத்தனை எண்ணும்வரை பிடிக்கிறாள்? அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது காது மந்தமான பிறகா, முன்னாலா? எனக்கு மறந்துவிட்டது.

இதோடு நான்கு சின்ன பாட்டில்கள் வைத்திருக்கிறேன். உன்னுடையதும் குருவியுடையதும் காலையில் முதலில் போகிற சிறுநீர், ஆளுக்கு இரண்டு. பயப்படாதே, இங்கே ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு ஆட்களுடையதைக் கொடுத்தால் எனக்கு வேலை சுலபம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பொட்டலம் அனுப்பிவிட்டேன். ஒரு தங்கை அக்காவுக்கு அனுப்புகிற சீரைப் பார்! கூரியர் ஆள் உள்ளே என்னவென்று கேட்டபோது "மருந்து" என்று எழுதிக் காட்டினேன். அவன் முகர்ந்து பார்க்காமல் இருந்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி.

இமை தொங்குகிறது. கையை முப்பது எண்ணும்வரை பிடிக்கிறாள், பிறகு நடுங்குகிறது. காது கேட்கிறது, நான் பேசாததைக்கூட அவள்தான் கேட்டுச் சொல்கிறாள். அம்மாவுக்கு முதலில் காது, நான்கு வருஷம் கழித்துச் சர்க்கரை, நாற்பத்து நான்கில் போய்ச் சேர்ந்தாள். உனக்கு இது மறக்குமா?

இப்போது என் கேள்வி. அவரும் நானும் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். எனக்கு வயது முப்பத்தாறு ஆகப்போகிறது. இன்னும் தள்ளிப்போட முடியாது. குருவியை நினைத்தால்தான் அக்கா, எங்களுக்குப் பிறகு அவளுக்கு ஒருத்தர் வேண்டாமா? எனக்கு நீ இருக்கிறாய். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் அவளே இப்படிச் சோர்ந்து கிடக்கும்போது, இது ரத்தத்தில் வருகிற சங்கதியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்டால் தோளைக் குலுக்குகிறார். நீ படித்தவள், இதிலேயே கிடப்பவள். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உன் ஒரு வார்த்தை போதும்.

உன் சின்னு


மார்ச் 2

அன்புள்ள சின்னுவுக்கு,

நலமா? நான் நலம். பொட்டலம் வந்தது. வேலை நடந்துகொண்டிருக்கிறது. சொல்வதற்கு இன்னும் ஒன்றுமில்லை.

இங்கே எலிகளோடு புழுக்களும் வந்திருக்கின்றன. இந்த எழுத்தின் புள்ளி அளவுதான் இருக்கும். மொத்த ஆயுளே மூன்று வாரம். குஞ்சாக இருக்கும்போதே அதன் அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டால் என்ன ஆகிறது தெரியுமா? வளர்த்தி குறைந்துவிடுகிறது, நெளிவதும் மெதுவாக நெளிகிறது. ஆனால் மற்றவை செத்த பிறகும் அது உயிரோடு இருக்கிறது. ஒன்றரை மடங்கு வாழ்கிறது. சின்னதாக, மெதுவாக இருப்பது கெடுதல் என்று யாரும் சொல்லிவிட முடியாது பார்.

அவசரக்காரர்களில் ஒன்று நேற்று போய்விட்டது. கூண்டுச் சீட்டை எடுத்துப் பெட்டியில் போட்டேன். எங்கள் சீட்டில் தகப்பன் எண் எழுத இடமே கிடையாது, தாய் எண் மட்டும்தான். சிரிப்பாக இல்லை?

குருவிக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் அனுப்புகிறேன். வெயிலில் அலையவிடாதே. காய்ச்சல் வந்தால் சாப்பிடாமல் படுக்கவிடாதே, எப்படியாவது ஊட்டிவிடு. பட்டினி அவளுக்கு ஆகாது.

உன் அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தில் கடைசிக்கு முன்னால் இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. நீ எழுத்துப் பிழைக்குக்கூட அப்படி அழுத்தி அடிக்கிறவள் இல்லையே?

குருவி பத்தாம் தேதி பள்ளி மைதானத்தில் விழுந்துவிட்டாள். கூட்டிவரப் போனபோது இடது கை துணி மாதிரித் தொங்கியது. மறுநாள் மாலை சரியாகிவிட்டது. அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். "அப்பா, எக்ஸ்பிரஸ் வண்டி, எங்கயும் நிக்காது" என்று சிரித்தாள். அவர் அடுப்படிக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ என்னிடம் நான்கு கேள்வி கேட்டாய், எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். குருவிகூட, "பெரியம்மா எனக்கு மார்க் போடறாங்களாம்மா?" என்கிறாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், நீ புழுவைப் பற்றி எழுதியிருக்கிறாய். மறுபடி கேட்கிறேன். பெற்றுக்கொள்ளட்டுமா, வேண்டாமா?

உன் சின்னு


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மூன்று வாரமாகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து அதன் பூட்டே தேய்ந்துவிட்டது.

முதலில் கோபம் வந்தது. பிறகு உன் புழுக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சின்னதாக, மெதுவாக இருப்பது கெடுதல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அவரிடம் காட்டினேன். "உங்க அக்கா நேரடியா எப்பவாச்சும் பேசியிருக்காங்களா? பதில் இதுதான்" என்று எழுதிக் காட்டினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குருவி மெதுவாக வளர்கிறாள், மெதுவாக வாழ்வாள், நிறைய நாள் வாழ்வாள். அதைத்தானே எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறாய்?

நீ அம்மா பெண். வேண்டாம் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே தலையாட்டியிருப்பாய். பேசாமல் இருக்கிறாய். நான் அதைச் சம்மதமென்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் உடனே எழுது. கடைசியாகக் கேட்கிறேன், உடனே எழுது.

உன் சின்னு


மே 21

என் சின்னுவுக்கு,

உட்கார்ந்து படி. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

கணக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. நான் பொய் சொன்னேன். உன் முதல் கடிதத்தில் காது, மடிப்பு, தலைவலி மூன்றையும் ஒரே தாளில் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் பாட்டில் அனுப்பினேன்.

நான் சொன்ன அந்த அடுப்புகள் தகப்பனிடமிருந்து வருவதில்லை. தாயிடமிருந்து மட்டும்தான் வருகின்றன. உன் பொத்தான் டப்பாவை நினைத்துக்கொள். வெள்ளைப் பொத்தான் நல்ல அடுப்பு, கறுப்பு பிழையுள்ளது. அம்மாவிடம் இரண்டும் கலந்து இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளிக் கொடுப்பது மாதிரிதான். யாருக்கு எத்தனை கறுப்பு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காது கேட்காமல் போவதும், சர்க்கரையும், அம்மா நாற்பத்து நான்கில் போனதும் எல்லாம் அந்தக் கறுப்பால்தான்.

நூற்றுக்கு உனக்கு நாற்பத்தாறு கறுப்பு. குருவிக்கு எண்பத்து மூன்று. என்னுடையதையும் பார்த்தேன், பதினொன்று. அதே டப்பாவிலிருந்து எனக்குக் குறைவாக விழுந்திருக்கிறது. நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று தெரியவில்லை.

குருவியின் கை தொங்கியது விழுந்ததால் அல்ல. மூளையில் ஒரு பகுதிக்குத் தெம்பு போதாமல் போனதால். மறுபடி வரும். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் உடனே காட்டு. இதோடு இருக்கும் தாளை அவரிடம் கொடு, அவருக்குப் புரியும். முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. புழு வேறு, பிள்ளை வேறு சின்னு. புழுவுக்கு நாங்கள் அளந்து தணிக்கிறோம். குருவிக்கு அது அளவில்லாமல் அணைகிறது. அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கவே கூடாது.

இன்னொரு குழந்தை வேண்டாம். இப்போது வேண்டாம். முதலில் டாக்டரைப் பார்.

மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்றாவது முறைக்கு வேண்டிய ரசாயனம் வர ஆறு வாரம் ஆகிவிட்டது.

உன் அக்கா


மே 22

அன்புள்ள அக்கா, என் அருமை அக்கா,

எல்லாரும் நலம், நலத்துக்கு மேல் நலம்! உன்மேல் கோபமாக இருந்தேன், இன்று மன்னித்துவிட்டேன்.

நாள் தள்ளிப்போயிருக்கிறது. இன்று காலை டாக்டரம்மா பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்லிவிட்டார். ஏழு வாரம். குருவியிடம்தான் முதலில் சொன்னேன். "பாப்பாவுக்கு எந்த ஸ்டேஷன்ல ஏறுறது, எங்க இறங்குறதுன்னு எல்லாம் நான் சொல்லிக் குடுப்பேன்" என்கிறாள். தன் பழைய துணிகளையெல்லாம் எடுத்து மடித்து வைக்கிறாள். அவர் வேலைக்குப் போகும்போது கடைசி எட்டுப் படியைத் தாவி இறங்கினார், வயதென்ன ஆகிறது அந்த மனுஷனுக்கு!

டிசம்பர் கடைசியில் லீவு போடு. உன் எலிகளை மும்முறையார் மூன்று முறை பார்த்துக்கொள்ளட்டும்.

உன் சின்னு


ஜூன் 24

அக்கா,

உன் கடிதம் போன மாதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. என்னுடையது வழியில் அதைத் தாண்டிக்கொண்டு உன்னிடம் வந்திருக்கும். அதை நீ எந்த முகத்தோடு படித்தாய்?

குருவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இந்த மாதம் இரண்டாம் தேதி வலிப்பு வந்தது. இப்போது வலது பக்கம் இருக்கிற எதுவும் அவளுக்குத் தெரிவதில்லை. தட்டில் பாதிச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுத் தீர்ந்துவிட்டது என்கிறாள். நான் தட்டைத் திருப்பி வைக்கிறேன். உன் தாளைப் பார்த்த நரம்பு டாக்டர், "இதை யாரு பாத்தது? எப்ப பாத்தது?" என்று கேட்டு, எழுதியும் காட்டினார். என் அக்கா என்று எழுதினேன். எப்போது என்ற இடத்தைக் காலியாக விட்டேன். நீ சொல். முதல் முறை எப்போது பார்த்தாய்?

நீ மூன்று முறை பார்த்தாய். நானும் மூன்று முறை கேட்டேன். பிப்ரவரியில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை. உன் எலிகளிடம்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாயா? கை எத்தனை எண்ணும்வரை நிற்கிறது, இமை தொங்குகிறதா என்று கேட்டாயே. அப்போதே உனக்குத் தெரியும். நான் உனக்குத் தங்கையா, சீட்டில் எழுதுகிற தாய் எண்ணா?

எனக்குள் பன்னிரண்டு வாரம். அதற்கு நான் எந்தப் பிடியை அள்ளிக் கொடுத்திருக்கிறேன்?

பதில் எழுதுவதானால் நான் கேட்டதற்கு மட்டும் எழுது.


ஜூலை 1

சின்னு,

கேட்டதற்கு எழுதுகிறேன்.

முதல் முறை பிப்ரவரி இருபத்தொன்று. மதியம் மூன்று மணி. குருவிக்கு எண்பத்து மூன்று. இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தேன், பிறகு போய் எலிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். மார்ச் இரண்டாம் தேதிக் கடிதத்தில் நான் அடித்த இரண்டு வரி இவை: "குருவிக்கு நம் அம்மாவின் நோய் இருக்கிறது. இன்னொரு பிள்ளை பெறாதே." எழுதினேன், பிறகு மூன்று முறை ஆகவில்லையே என்று அடித்தேன்.

இரண்டாவது முறை ஏப்ரல் இரண்டு. ஐம்பத்தெட்டு வந்தது. ஒத்துப்போகவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூன்றாவது முறை முப்பது வரும், எல்லாம் என் கைத்தவறுதான் என்று ஆகிவிடும், உன்னிடம் எதையுமே சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். மே இருபதில் எண்பத்தொன்று வந்தது. அதற்குப் பிறகு மூன்றிலும் முதலில் வந்த எண்ணையே உனக்கு எழுதினேன். தொண்ணூறு நாள் காத்திருந்து முதல் நாள் தெரிந்ததையே சொல்லியிருக்கிறேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். "வேண்டாம்" என்று ஒரே சொல். உறையில் போட்டு, ஒட்டி, முகவரியும் எழுதினேன். பிறகு மூன்றாவது வரட்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒரு தபால்தலைதான் குறை. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ கிழித்துப் போடலாம், ஆனால் உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

விதி என்று சொல்லி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். பயந்தேன். அவ்வளவுதான். அம்மா சாகும்போது நீ பத்து வயதுப் பிள்ளை, நான்தான் உன்னிடம் சொன்னேன். அன்று உன் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. இன்னொரு தரம் என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வயிற்றில் இருப்பதற்குப் பதினாறு வாரத்துக்கு மேல் ஊசியால் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க முடியும். உன் டாக்டரிடம் கேள். நாளை புறப்பட்டு வருகிறேன். நீ வராதே என்றாலும் வருவேன்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நீ வந்து இருபது நாள் இருந்தாய். குருவிக்கு ஊட்டினாய், துடைத்தாய், அவளுக்குத் தெரிகிற இடது பக்கமாகவே உட்கார்ந்தாய். எல்லாம் பார்த்தேன். உன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் உதட்டைப் படிக்க வேண்டும், நீ மன்னிப்புக் கேட்பது புரிந்துவிடும். அதனால் உன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பதினேழாம் தேதி அவள் நம்மை விட்டுப் போன பிறகும் அப்படித்தான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவளுக்கு அந்தச் சீருடைதான் பிடிக்கும், அதையே போடலாம் என்று எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கால் இரண்டும் வீங்கி, ஊசி குத்திக் கன்றிப்போய்க் கிடந்தன. வருகிறவர்கள் அதைப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தேன். நான்கு விரல். பிரித்த இடத்தில் மட்டும் துணி புதுசாக இருந்தது. அப்படியும் கணுக்கால் வரை எட்டவில்லை. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

அவர் வேலைக்குப் போகிறார். வந்தால் பதினெட்டாவது படியில் உட்கார்ந்துவிடுகிறார். நான் இறங்கிப் போய்க் கூட்டிவருகிறேன்.

நேற்று ஊசியால் நீர் எடுத்தார்கள். பத்தொன்பது வாரம். இங்கே பார்த்துச் சொல்ல ஐந்து வாரமாகுமாம், அதற்குள், கலைக்க வேண்டுமென்றாலும் எல்லாக் கதவும் அடைத்துவிடும் என்கிறார் டாக்டர். உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீதான் பார்க்க வேண்டும். வேறு யாரை எனக்குத் தெரியும்?

உன்மேல் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. அது வேறு, இது வேறு. எண் எதுவானாலும் முடிவு நானும் அவரும் எடுப்பது. நீ யோசனை சொல்லாதே, ஆறுதல் சொல்லாதே, புழுக் கதை சொல்லாதே. முதல் முறை வருவதை அன்றைக்கே சொல். நீ பேசாமல் இருந்தால் இனிமேல் எனக்கு எந்த அர்த்தமும் இல்லை.

சின்னு


ஆகஸ்ட் 19

சின்னு,

பாட்டில் நேற்று வந்தது. மும்முறையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இழுப்பறையில் வைத்த உறை வரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த விதி எலிக்குத்தானேம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். மற்ற வேலைகளை நிறுத்தி இயந்திரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார்.

இன்று மதியம் வந்தது. எழுபத்தொன்பது.

ஒருமுறைதான் பார்த்தேன். தவறாக இருக்கலாம், ஏப்ரலில் என் கை தவறியது போல இப்போதும் தவறியிருக்கலாம். இரண்டாவது குழாயைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீ இரண்டாவது முறை பார்க்கச் சொன்னால் அதையும் பார்க்கிறேன். நீ சொன்னால் மட்டும்.

இதைத் தபாலில் போடவில்லை. போன் திரையில் துண்டாக அனுப்பவும் மனம் வரவில்லை, இன்றிரவே புறப்பட்டு நானே கொண்டுவருகிறேன். நாளைக் காலை வந்துவிடுவேன். கதவைத் தட்டினால் உனக்குக் கேட்காது, மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருப்பார். தெருவில் உன் ஜன்னலுக்கு நேரே நிற்கிறேன். நீ எட்டிப் பார்க்கும்வரை நிற்கிறேன்.

அக்கா